ஆடும் பிரிட்ஜ், ஆடாத பிரிட்ஜ்

இதனால் உலகத்தார் யாவருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், மனித குலம் இரண்டே வகைப்படும். கிட்டாரின் பிரிட்ஜ் ஆட வேண்டும் என்போர் ஒரு வகை. ஆடவே கூடாது என்போர் மறு வகை. ஏழை பணக்காரன், படித்தவன் படிக்காதவன், மாமியார் மருமகள் என்று நீங்கள் இதுவரை கேள்விப்பட்ட பிரிவினைகள் எல்லாம் வெறும் சில்லறை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைத்துவிட்டால் மற்ற சச்சரவெல்லாம் தானாகத் தீர்ந்துவிடும் என்று இரண்டு பேர் மனதார நம்பினார்கள். அதில் ஒருவர் மற்றவனின் அக்காவைக் கட்டியிருந்ததால், உலகப் பிரச்சினை ஒரு சமையலறையிலேயே வைத்து அலசப்பட்டு வந்தது.

விஷயம் தெரியாத பாக்கியசாலிகளுக்கு ஒரு சின்ன விளக்கம். எலக்ட்ரிக் கிட்டாரில் ஆறு கம்பிகளும் கீழ் முனையில் ஓர் உலோகத் துண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அதுதான் பிரிட்ஜ். அதை மரத்தோடு மரமாக ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டால் ஃபிக்ஸ்ட் பிரிட்ஜ். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கட்சிக்காரர்களின் பெருமையே அதுதான். ட்ரெமோலோ பிரிட்ஜ் அப்படியல்ல. அது ஒரு சீசாப் பலகை. ஒரு பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கும். மறு பக்கம், கிட்டாரின் முதுகைக் குடைந்த பள்ளத்துக்குள் இருந்துகொண்டு ஸ்பிரிங்குகள் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாக இருக்கும்வரை பிரிட்ஜ் நடுவில் மிதந்துகொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். அதை அமுக்கினால் சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பி வரும். வரும் என்பது ஒரு நம்பிக்கை.

ஒரு கம்பி அறுந்தால்தான் வேடிக்கை. ஸ்பிரிங்குகளின் கை ஓங்கிவிடும். பிரிட்ஜ் பின்னால் சாயும். மிச்சமிருக்கும் ஐந்து கம்பிகளும் ஒரு பாவமும் அறியாமல் ஒன்றாகச் சுருதி தப்பும். வீட்டில் ஒருத்தருக்குத் தலைவலி என்றால் அத்தனை பேரும் படுத்துக்கொள்கிற குடும்பங்கள் உண்டே, அந்த மாதிரி.

ஆடும் கட்சியின் தலைவர் பெயர் ஸ்பிரிங். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயர் சொல்லி அவரைக் கூப்பிட இப்போது ஆஸ்பத்திரி வரவேற்பறைப் பெண்ணைத் தவிர வேறு யாருமில்லை. பகலில் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்பவன் பயத்தில் வியர்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து சீட்டில் சாய்ந்துகொண்டு, "வளையணும் தம்பி. ரோடு வளையுது, நீ வளையலேன்னா என்ன அர்த்தம்?" என்று தத்துவம் பேசுவார்.

ஆடாத கட்சியின் ஒரே தொண்டன் ஆணி. ஸ்பிரிங்கின் மனைவிக்குத் தம்பி. லிஃப்ட் பழுது பார்ப்பவன். "நாள் பூரா ஆடற சாமானோடதான் மாரடிக்கிறேன். சாயங்காலமாவது ஆடாத ஒண்ணத் தொடணும்" என்பது அவனுடைய கொள்கை விளக்கம்.

இருவரும் சாயங்காலங்களில் ஒரு ஹோட்டலின் லவுஞ்சில் வாசித்தார்கள். ரூம் சாவிக்குக் காத்திருப்பவர்களும் டாக்சிக்குக் காத்திருப்பவர்களும் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் இடம் அது. கீபோர்டு வாசித்தவரை எல்லோரும் சேர்மன் என்பார்கள். குழுவில் அவருக்கு மட்டும்தான் கோட் இருந்தது. தலைமைப் பதவிக்கு அதைவிடப் பெரிய தகுதி அங்கே தேவைப்படவில்லை. கூட ஒரு பாடகி, ஒரு டிரம்ஸ்காரர். ஸ்பிரிங் முன்னால் நின்று தனி வாசிப்பு வாசிப்பார். ஆணி பின்னால் நின்று தாளத்துக்குக் கம்பி தட்டுவான்.

சமையலறை மேஜையில் விவாதம் இப்படித்தான் நடக்கும்.

"உன் கிட்டார்ல உயிர் இருக்காடா? அம்மிக்கல்லுல ஆறு கம்பி கட்டின மாதிரி இருக்கு."

"அம்மிக்கல்லு சுருதி தப்பாது மச்சான். உங்களது ஊஞ்சல். போன வாரம் அந்தக் கல்யாண ரிசப்ஷன்ல ஒரு கம்பி அறுந்துச்சே, அப்புறம் மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்தீங்களா? கட்டிக்கிட்டது தப்போன்னு யோசிச்ச மாதிரி நின்னாரு."

"அது கம்பி செஞ்ச தப்பு."

"அஞ்சு கம்பி நல்லாத்தானே இருந்துச்சு? அதுங்களையும் சேத்துக் கெடுத்தது யாரு? உங்க பிரிட்ஜு."

"டேய், சுதந்திரம்னா ரிஸ்க் இருக்கத்தான் செய்யும்."

"ரிஸ்க் உங்களுக்கு. கேக்கறவனுக்குக் காதுவலி."

அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கண் பரிசோதிக்க வருகிறவர்களுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவாத் தெரியுதா, இதுவா?" என்று கேட்டுக் கேட்டே பழகியவள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் இரண்டு பேரையும் சமையலறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, குழுவின் டிரம்ஸ்காரரை ஹாலில் நிறுத்தி, இரண்டு கிட்டாரிலும் ஒரே பாட்டை ஒன்றன் பின் ஒன்றாக வாசிக்கச் சொன்னாள். பிறகு கதவைத் திறந்து கேட்டாள்: "சொல்லுங்க. எது யாரோடது? முதல்ல வாசிச்சதா, ரெண்டாவதா?"

ஸ்பிரிங் கண்ணை மூடி, முதலாவதில் காற்று இருந்தது, அது தன்னுடையது என்றார். ஆணியும் யோசித்துவிட்டு, ரெண்டாவதில் ஒரு நேர்மை இருந்தது, அது தன்னுடையது என்றான். இரண்டும் தப்பு. பிறகு இரண்டு பேரும் வாழ்க்கையில் முதல் முறையாக ஒருமித்த கருத்துக்கு வந்தார்கள். கதவு சரியில்லையாம்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த போரில்தான் ஸ்பிரிங்கின் கை நுழைந்தது.

அவருடைய வலது கை வேலை செய்யும்போது ஒழுங்காகத்தான் இருந்தது. சும்மா இருக்கும்போதுதான் ஆடியது. மெதுவான பாட்டின் கடைசியில் ஒரு நீண்ட சுரத்தை மீட்டிவிட்டு, அது தானாகக் கரையட்டும் என்று உள்ளங்கையை பிரிட்ஜின் மேல் சாய்ப்பார். எல்லா கிட்டார்காரர்களும் செய்வதுதான். ஆனால் சாய்த்த கை சாய்ந்தபடி இருக்காமல் தன்னிஷ்டத்துக்குத் துடித்தது. மிதக்கும் பிரிட்ஜ் அந்தத் துடிப்பை அப்படியே கம்பிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சுரம் அலை அலையாக அசைந்து, விம்மி, அடங்கியது. ஸ்க்ரூ போட்ட பிரிட்ஜாக இருந்திருந்தால் கை ஆடுவது கைக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்திருக்கும்.

முதல் முறை அப்படி ஆனபோது ஸ்பிரிங் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தார். திரும்பித்தான் பார்த்தார்கள். சாவிக்குக் காத்திருந்த ஒரு பெண்மணி செல்போனை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டினாள். அந்த லவுஞ்சின் சரித்திரத்தில் முதல் கைதட்டு. டிரம்ஸ்காரர் யாரோ கொசு அடிக்கிறார்கள் என்று நினைத்தார்.

"என்னய்யா அது? என்ன செஞ்சீங்க?" என்று சேர்மன் கோட்டு பட்டனைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"பயிற்சி" என்றார் ஸ்பிரிங்.

அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டார். அன்று முதல் அவர் பயிற்சி செய்தவர் ஆகிவிட்டார்.

செய்தி பரவி, டோன் டாக்டர் வரைக்கும் போயிற்று. டோன் டாக்டர் மருத்துவம் படித்தவர் அல்லர். வீட்டு மாடியறையில் சுவர் முழுக்கக் கிட்டார்களைத் தொங்கவிட்டு, கேமரா முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஒரு தடவை தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கண் மூடியிருக்கும் நேரத்தை வைத்து மக்கள் அந்தக் கிட்டாரை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அவர் ஒரு சாயங்காலம் லவுஞ்சுக்கு வந்து மூலை சோபாவில் உட்கார்ந்து, கேட்டு, போய், வீடியோ போட்டார். "இந்தக் கலைஞர் பிரிட்ஜைத் தொடவில்லை, நண்பர்களே. பிரிட்ஜோடு மூச்சு விடுகிறார். இந்த அதிர்வை விரலால் கொண்டுவர முடியாது. ஓர் ஆயுள்காலத் தவம்" என்றார். கண்ணை வெகு நேரம் மூடியிருந்தார். பலர் ட்ரெமோலோ கிட்டார் வாங்கிப் பிரிட்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

வீடியோவைப் பார்த்த ஆணி பொருமினான். "சரி மச்சான், ஒத்துக்கறேன். அது ஆடாத பிரிட்ஜுல வராது. போதுமா?"

போர் தொடங்கிய நாளிலிருந்து ஸ்பிரிங் காத்திருந்த வாக்குமூலம் அது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ம்" என்று சொல்லிவிட்டு வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கண்டுபிடித்தவள் அக்கா. கண்ணாடி ஃபிரேம் மாட்டிப் பார்க்கும் பழக்கத்தில் எதிரே இருப்பவர் முகத்தையும் கையையும் உற்றுப் பார்ப்பவள். ஸ்பிரிங்கின் டீ டம்ளர் தட்டில் கிணுகிணுவென்று அடித்துக்கொள்வதைக் கேட்டுவிட்டு அவரை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள். நிஜமான டாக்டர். கண்ணை மூடவில்லை. கையை மடியில் வைக்கச் சொன்னார், கை ஆடியது. நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். இன்னும் அதிகமாக ஆடியது. பார்க்கின்சன் என்றார். குணமாகாது, மாத்திரையில் கொஞ்சம் கட்டுப்படும், மெதுவாகக் கூடிக்கொண்டுதான் போகும் என்று, பஸ் வரும் நேரத்தைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

"கிட்டார் வாசிக்கலாமா?" என்று கேட்டார் ஸ்பிரிங்.

"தாராளமா வாசிங்க. கார் மட்டும் ஓட்ட வேண்டாம்."

டிரைவிங் ஸ்கூலில் அடுத்த வாரமே அவருடைய சீட்டில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். ஆக, சாயங்காலம் மட்டும்தான் அவருக்கு மிச்சம். நோய் விஷயத்தை அக்காவையும் ஆணியையும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், இசைக்கு முழு நேரத்தையும் ஒதுக்கப்போவதாகச் சொன்னார். அதைக் கேட்டவர்கள் தவம் என்றால் இதுதான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஹோட்டல் மேனேஜர் சேர்மனைக் கூப்பிட்டு, லவுஞ்சில் கொஞ்சம் நெருக்கடியாக இருக்கிறது, புதிதாக ஒரு காபி மெஷின் வைக்க வேண்டும், எனவே ஒரு கிட்டார்காரர் குறைந்தால் சௌகரியம் என்றார். காபி மெஷினின் அகலமும் ஒரு கிட்டார்காரரின் அகலமும் ஒன்று என்று யாரோ அளந்திருந்தார்கள். இரண்டு பேரில் யார் இருப்பது, யார் போவது? சேர்மன் பெரிய மனிதர். தன் தலையில் பழி விழாமல் பார்த்துக்கொள்வதில் அனுபவசாலி. டோன் டாக்டரையே அழைத்து முடிவு சொல்ல வைப்போம் என்றார். வரும் சனிக்கிழமை இருவரும் தனித்தனியாக வாசிப்பது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை ஸ்பிரிங் கிட்டாரைச் சமையலறை மேஜையில் குப்புறப் போட்டு, முதுகு மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆணியை வரச் சொன்னார்.

"இத நிறுத்துடா" என்றார்.

ஆணிக்கு முதலில் புரியவில்லை. "எத?"

"பிரிட்ஜ. ஆடக் கூடாது. உள்ள கட்டை வச்சு இறுக்கிடு."

சாதாரணமாக ஒரு கிட்டார்காரன் இன்னொரு கிட்டார்காரனிடம் கேட்கக்கூடிய காரியம்தான். பிரிட்ஜின் அடியில் தொங்கும் கனமான இரும்புக்கும் பள்ளத்தின் சுவருக்கும் நடுவே முன்னால் ஒன்று பின்னால் ஒன்று மரத்துண்டு செருகிவிட்டால், ட்ரெமோலோ அசைய வழியில்லாமல் நின்றுவிடும். ஆனால் கேட்டவர் ஸ்பிரிங். பெரிய கட்சித் தலைவர் எதிர்க்கட்சி அலுவலகத்துக்கு நடந்தே வந்து உறுப்பினர் ஆனது மாதிரி.

"மச்சான்..." என்றான் ஆணி. அவன் குரலில் வருத்தம் இருந்தது. உண்மையான வருத்தம். அதற்கு அடியில், அதைவிடச் சின்னதாக, அடக்க முடியாத ஒரு குதூகலமும் இருந்தது. "ஆடாததுதான் நல்லதுன்னு அப்பவே சொன்னேன்ல?"

"சொன்ன. இப்ப உன் கைவேலையக் காட்டு."

அக்கா அடுப்படியிலிருந்து திரும்பினாள். "அந்த டோன் டாக்டருக்குப் பிடிச்சதே அந்த ஆட்டம்தானே? அதை ஏன் நிறுத்தறீங்க?"

"உனக்குத் தெரியாது."

"எனக்கு என்ன தெரியாது? உங்க கை எனக்குத் தெரியாதா? வீடியோவுல அந்தாளு மூச்சு மூச்சுன்னு அழுதானே, அது இந்த ஆட்டத்துக்குத்தான். நாளைக்கும் அதையே காட்டிட்டு வந்துடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

"நாளைக்கு அவன் பக்கத்துல உக்காருவான். கையப் பாப்பான். பாட்டுல ஆடுறது போக, சும்மா நிக்கும்போதும் ஆடும். அவனுக்கு ஒரு வீடியோ போதும். ஊரே என் கையப் பாக்கும். பாட்டக் கேக்க மாட்டான் ஒருத்தனும். சுரம் ஆடலேன்னா கைப் பக்கம் எவன் பாப்பான்?"

"பாத்தா பாக்கட்டுமே."

ஸ்பிரிங் கழற்றி வைத்த மூடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அது நான் வாசிக்கறது இல்லம்மா. அதுவா வாசிக்குது. கைதட்டு அதுக்கு" என்றார்.

அக்கா அடுப்பைத் தணித்தாள்.

ஆணி பீரோவிலிருந்து உடைந்த மர ஹேங்கர் ஒன்றை எடுத்து வந்தான். அளந்து, அறுத்து, உப்புத்தாளில் தேய்த்தான். லிஃப்ட்காரன் கை, ஒரு மயிரிழை கூட ஆடாமல் இரண்டு கட்டையும் போய் உட்கார்ந்தன. ஸ்பிரிங் உள்ளங்கையை பிரிட்ஜின் மேல் வைத்தார். கை துடித்தது. கம்பி துடிக்கவில்லை. ஒரு சுரத்தை மீட்டினார். அது போட்ட இடத்தில் நின்றது.

"பாத்தீங்களா?" என்றான் ஆணி. மேஜையைச் சுற்றி இரண்டு நடை நடந்தான். "பாத்தீங்களா மச்சான்! என்னா நிக்கிது! இனிமே உங்க வாயால அம்மிக்கல்லுன்னு சொல்லிப் பாருங்க!"

"சொல்ல மாட்டேன்டா" என்றார் ஸ்பிரிங். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆணி அது தன் வாதத்தின் வெற்றி என்று எடுத்துக்கொண்டான். ஜெயித்த சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருந்தவனுக்கு, நாளைக்கு யார் எதற்காகக் கேட்கப்போகிறார்கள் என்பது மறந்தே போயிற்று. அக்கா சொன்னது அவன் காதில் விழுந்தது. ஆனால் அவள் பிரிட்ஜைப் பற்றிப் பேசவில்லையே, அதனால் உள்ளே போகவில்லை.

சனிக்கிழமை டோன் டாக்டர் முன் வரிசை சோபாவில் உட்கார்ந்தார். மேனேஜர் பக்கத்தில். சேர்மன் கோட்டில் ஒரு பூ. முதலில் ஆணி வாசித்தான். வழக்கம் போல, தப்பில்லாமல், யாரையும் தொந்தரவு செய்யாமல் வாசித்தான். டோன் டாக்டர் கண்ணை மூடவில்லை. கொட்டாவியை மட்டும் மூடினார்.

பிறகு ஸ்பிரிங். அந்த மெதுவான பாட்டையே எடுத்தார். கடைசிச் சுரத்துக்கு வந்தார். மீட்டினார். உள்ளங்கையைச் சாய்த்தார். கை உதறிக்கொண்டிருந்தது, சோபாவிலிருந்து பார்த்தால் பாட்டுக்குத் தாளம் போடுவது போலத் தெரியும். சுரம் மட்டும் கொஞ்சமும் அசையாமல், நேராக, மெல்ல மெல்ல இளைத்து, எங்கே முடிந்தது என்றே தெரியாமல் முடிந்தது. நோய் வந்த நாளிலிருந்து அவர் தானே வாசித்த முதல் சுரம் அது. பின்னால் நின்ற ஆணிக்குப் புல்லரித்தது. இவ்வளவு நாளும் நாம் இதைத்தானே சொன்னோம் என்று நினைத்தான்.

டோன் டாக்டர் எழுந்து, உதடுகளைக் குவித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஸ்பிரிங்கின் தோளைத் தொட்டார்.

"எனக்கு வருத்தமா இருக்கு சார். கருவி அதேதான். ஆனா மனுஷன் தளர்ந்துட்டார். அந்த மூச்சு போயிடுச்சு. மேல வந்துட்டா சில பேருக்குப் பயிற்சி குறைஞ்சுடுது."

"ஆமாங்க. பயிற்சி குறைஞ்சுடுச்சு" என்றார் ஸ்பிரிங்.

மேனேஜர் பக்கம் திரும்பி டோன் டாக்டர் தீர்ப்பு சொன்னார். "மூச்சே இல்லேன்னா, அப்ப பின்னால நிக்கறவரே போதும். அவர்கிட்ட ஏமாற்றம் இல்ல. எதிர்பார்ப்பே இல்லாததால."

ஆணி முன்னால் வந்தான். வாய் திறந்துவிட்டது. "சார், ஒரு நிமிஷம், அது உள்ள..."

ஸ்பிரிங் அவன் முழங்கையைப் பிடித்து, சாமான் ஏற்றும் லிஃப்டுக்குப் போகிற நடைக்கு இழுத்துப் போனார். பிடித்தது வலது கை. ஆணியின் முழங்கை சேர்ந்து ஆடியது.

"கட்டைய எடுத்துட்டு இன்னொரு தடவ வாசிச்சா போதும் மச்சான். ரெண்டு நிமிஷ வேலை. அந்தாளு விழுந்து கும்பிடுவான்."

"எடுத்துட்டு என்னடா சொல்லுவ? ஏன் வச்சோம்னு கேப்பான்ல?"

ஆணி லவுஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"வாயத் திறந்தே, உங்க அக்காகிட்ட உன்ன மாட்டிவிட்டுடுவேன்."

"நான் என்ன செஞ்சேன்?"

"நீயா? நீ கட்டைய ரொம்ப நல்லா வச்சுட்டே" என்றார் ஸ்பிரிங். சிரிக்க முயன்றார். முகத்தில் பாதிதான் சிரித்தது. அந்த நோய்க்கு அதுவும் ஒரு குணம்.

அதற்குப் பிறகு ஆணி பின்னாலிருந்து முன்னால் வந்து நின்றான். காபி மெஷின் அவன் பழைய இடத்துக்கு வந்தது. அவனைவிட அதிகச் சத்தம் போட்டது. விடுமுறை நாட்களில் அக்கா வீட்டுக்குப் போனான். போனால் பேச்சு வரவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே பேச்சை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அக்கா தம்பியிடம் சோறு போடட்டுமா என்று மட்டும் கேட்டாள். போடட்டுமா என்று அவள் இதற்கு முன்னால் கேட்டதே கிடையாது, போட்டுவிடுவாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ஸ்பிரிங்கே கிட்டாரை எடுத்து வரச் சொன்னார். மாத்திரை வேகம் குறைந்திருந்த நேரம். "கட்டைய எடுடா. பழசு எப்படி இருந்துச்சுன்னு பாப்போம்."

ஆணி மூடியைக் கழற்றி இரண்டு கட்டையையும் நெம்பி எடுத்தான். சுருதி சேர்த்துக் கொடுத்தான். ஸ்பிரிங் கம்பியைத் தேடிப் பிடித்து மீட்டி, உள்ளங்கையை வைத்தார். கை இப்போது பாட்டின் அளவில் இல்லை. பிரிட்ஜ் கடகடவென்று அடித்துக்கொண்டது. சுரம் மேலும் கீழும் விழுந்து எழுந்தது, மாடிப்படியில் பாத்திரம் உருளுகிற மாதிரி. கேட்டால் டோன் டாக்டரே கேமராவை அணைத்திருப்பார்.

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

"திருப்பி வச்சுடு" என்றார் ஸ்பிரிங்.

ஆணி கட்டைகளைத் திருப்பி வைத்தான். முதல் தடவை வைத்த லாவகம் இல்லை; ஒன்று கோணலாகப் போய், எடுத்து மறுபடி வைத்தான்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு அந்தக் கடைசி சுரம் நேரா நின்னுச்சா?"

"நின்னுச்சு மச்சான். அப்படி ஒண்ணு நான் கேட்டதே இல்ல."

"நீ வாசிச்ச மாதிரி இருந்துச்சா?"

ஆணி யோசித்தான். பொய் சொல்லலாமா என்று யோசித்தது போலவும் இருந்தது. "ஆமா" என்றான்.

"அதான் தோத்துட்டேன்" என்றார் ஸ்பிரிங். இந்தத் தடவை ஆணி சிரித்தான். சிரித்துக்கொண்டே மூடியின் ஸ்க்ரூவைத் தேடினான். அது மேஜைக்கடியில் விழுந்திருந்தது. குனிந்து தேடியவன் வெறுங்கையோடு எழுந்துவர வெகு நேரம் பிடித்தது.

பிறகு டோன் டாக்டர் இன்னொரு வீடியோ போட்டார். ஆட்டமெல்லாம் இளமை மயக்கம், அசையாமையே முதிர்ச்சி என்று அதில் சொன்னார். உதாரணமாக அந்த லவுஞ்சில் வாசிக்கும் ஒரு கலைஞரைக் குறிப்பிட்டார். பலர் ட்ரெமோலோ கிட்டாரை விற்றுவிட்டு ஃபிக்ஸ்ட் வாங்கினார்கள். ஆணி அந்த வீடியோவை முழுக்கப் பார்க்கவில்லை. உலகப் பிரச்சினை அவன் பக்கம் தீர்ந்துவிட்டது. போய்ச் சொல்லி வம்பிழுக்க ஆளில்லை. ஸ்பிரிங்குக்கு இப்போது சாப்பாடே அக்காதான் ஊட்டிவிட வேண்டியிருந்தது. கிட்டார் பீரோவுக்கு மேல், குப்புற, மூடியில் ஒரு ஸ்க்ரூ குறைவாகக் கிடக்கிறது.

கொஞ்ச நாளில் மேனேஜர் இரண்டாவது காபி மெஷினும் வாங்கினார். சேர்மன், பாடகி, டிரம்ஸ்காரர், ஆணி நான்கு பேரையும் கூப்பிட்டு நன்றி சொன்னார். லவுஞ்சில் இப்போது சுவரில் ஒரு ஸ்பீக்கர் பாடுகிறது. நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறார்கள், ஆடவில்லை.